தொடை முறிந்த வேந்தன்

நாடகம் காலத்தைக் காட்டும் கண்ணாடி என்பர் அறிஞர். கண்ணாடி தன் எதிரே நிற்பவரை மட்டுமே காட்டும். அவர் அகன்றதும் வெறுமையாகிவிடும். ஆயின் ஒருசில நாடகங்கள், தம்மை ஈன்ற காலம் மறைந்த பின்னரும், எதிரே வந்து நிற்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அதனதன் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அத்தகைய நாடகங்களுள் ஒன்று, வடமொழியில் பாசன் இயற்றியதாகக் கொள்ளப்படும் 'ஊருபங்கம்'. ஊரு என்பது தொடை. பங்கம் என்பது முறிவு. வீமனுடைய கதையால் தொடை முறிந்து களத்தில் கிடக்கும் துரியோதனனின் இறுதி நாழிகைகளே இதன் பொருள். ஒரே அங்கம், ஒரே களம், ஒரு சாவு.

இன்பமான முடிவையே விரும்பும் வடமொழி நாடக மரபில் இஃது ஒரு புறநடை. இதன் வரலாற்றிலோ நம் தமிழ் மண்ணுக்கும், நாம் வாழும் இம் மைசூர் மாநகருக்கும் பங்கு உண்டு. அவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு சுவடிகளின் கதை

காளிதாசன் தன் நாடகம் ஒன்றின் முன்னுரையில் பாசனைத் தனக்கு முன்னோனாகப் பெயர் கூறிப் போற்றுகிறான். ஆயினும் பாசனுடைய நாடகங்கள் எவை என்பதை நெடுங்காலம் எவரும் கண்டிலர். 1909ஆம் ஆண்டையொட்டி, திருவிதாங்கூர் அரசின் சுவடித் துறையில் பணியாற்றிய மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த பழைய ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதிலும் பின்னர்க் கிடைத்த சுவடிகளிலுமாகப் பதின்மூன்று நாடகங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றே ஊருபங்கம். 1912ஆம் ஆண்டில் திருவனந்தபுர வடமொழி நூல்வரிசையில் அஃது அச்சேறியது. அந்த மணலிக்கரை 1956 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கண்டெடுத்த சாஸ்திரியாரும் நெல்லைச் சீமையினர்.

அதே ஆண்டுகளில் மைசூரிலும் ஓர் அருஞ்செயல் நிகழ்ந்தது. 1905இல் இந்நகரத்துக் கீழ்த்திசை நூலகத்திற்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியைக் கொணர்ந்து கொடுத்தார். நூலகராக இருந்த சாம சாஸ்திரியார் அதைப் புரட்டிப் பார்த்தபோது, மறைந்து போனதாகக் கருதப்பட்ட கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அதுவெனக் கண்டார், 1909இல் பதிப்பித்தார். தஞ்சையின் ஓலை மைசூரில் உலகப் புகழ் எய்தியது.

இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் இடையே ஒரு நுண்ணிய இழை ஓடுகிறது. போருக்கு முன் படைவீரர்க்கு ஊக்கம் ஊட்டுமாறு அர்த்தசாஸ்திரம் எடுத்துக்காட்டும் செய்யுள்களுள் ஒன்று, பாசனுடைய மற்றொரு நாடகமான 'பிரதிஞ்ஞா யௌகந்தராயண'த்திலும் இடம்பெறுகிறது. தலைவன் இட்ட சோற்றுக்காகப் போரிடாதவன் நரகம் புகுவான் என்பது அதன் கருத்து. நாம் 'செஞ்சோற்றுக் கடன்' என்று கூறுகிறோமே, அதுதான் அது. மைசூரில் கிடைத்த அரசியல் நூலும் மணலிக்கரையில் கிடைத்த நாடகமும் ஒரே அறத்தை ஒரே சொற்களில் ஓதுகின்றன. அந்த அறம் கோலோச்சிய காலமே பாசனின் காலம். அவன் வாழ்ந்த நூற்றாண்டைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை மிகுதி. இந்நாடகங்கள் அனைத்தும் ஒருவருடையவைதாமா என ஐயுறுவாரும் உளர். ஆயினும் அவன் காளிதாசனுக்கு முற்பட்டவன் என்பதும், வேந்தர் போரையே வாழ்வாகக் கொண்ட உலகில் இந்நாடகம் பிறந்தது என்பதும் தெளிவு.

களம் என்னும் வேள்விச்சாலை

நாடகம் தொடங்கும்போது மூன்று வீரர் களத்தைச் சுற்றி வருகின்றனர். போர் முடிந்துவிட்டது. யானைகள் மலைபோல் சாய்ந்து கிடக்கின்றன, தேர்கள் தலைவனின்றி நிற்கின்றன, கழுகுகள் வட்டமிடுகின்றன. இக்களத்தை அவர்கள் ஒரு வேள்விச்சாலையாக உருவகித்துப் பேசுகின்றனர். பகையே வேள்வித்தீ, மாண்டவர் உயிரே அதில் சொரியும் அவி.

புறத்திணை பயின்ற தமிழர்க்கு இவ்வுருவகம் புதிதன்று. களவேள்வி என்னும் துறையை நம் இலக்கணிகள் வகுத்து வைத்துள்ளனர். போரில் வீழாது நோயால் மாண்ட வேந்தர் உடலையும் வாளால் கீறிப் புதைத்த வழக்கத்தைப் புறநானூறு குறிக்கின்றது. வாளால் வீழ்ந்தவனுக்கே வானுலகம் என்ற நம்பிக்கை வடக்கிலும் தெற்கிலும் ஒருங்கே நிலவியது. அந்நம்பிக்கையின் கல்வடிவமே நடுகல். கன்னட நாட்டில் இதனை வீரகல் என்பர். மைசூர், மாண்டியா மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் கோயில் முற்றத்திலும் இவற்றைக் காணலாம். அடித்தட்டில் வீரன் போரிடுவான். நடுத்தட்டில் அரம்பையர் அவனை விமானத்தில் ஏற்றிச் செல்வர். மேல்தட்டில் அவன் இறைவன் திருமுன் வீற்றிருப்பான்.

ஊருபங்கத்தின் கட்டமைப்பும் இம்மூன்று தட்டுகளேயன்றி வேறில்லை என்பது என் துணிபு. முதலில் போர், இறுதியில், உயிர் பிரியும் துரியோதனன் கண்ணெதிரே முன்னோர் தோன்றுகின்றனர், கர்ணனும் தம்பியரும் தோன்றுகின்றனர், அரம்பையர் வருகின்றனர், அன்னங்கள் பூட்டிய விமானம் அவனை அழைத்துச் செல்ல வருகிறது. இதனால் இதனைத் துன்பியல் என்று கூறலாகாது, வீரன் துறக்கம் புகுகின்றானே என வாதிடுவோர் உண்டு. அவர்கள் வீரகல்லின் கீழ்த்தட்டையும் மேல்தட்டையும் மட்டுமே நோக்குகின்றனர். கல்லில் இல்லாத ஒன்றை நாடக ஆசிரியன் நடுவே வைத்துள்ளான். வீரன் வீழ்ந்ததற்கும் விமானம் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் அவனைத் தேடிவரும் குடும்பமே அது.

மகனுக்கு இடமில்லாத மடி

கதைப் போரைப் பார்வையாளர் நேரே காண்பதில்லை. வீரர் வாய்மொழியாகவே அறிகின்றனர். துரியோதனனின் கை ஓங்குகிறது. வீமன் தளர்கிறான். அப்போது கண்ணன் தன் தொடையைத் தட்டிக் குறிப்புக் காட்டுகிறான். போர்முறைக்கு மாறாக வீமன் தொடையில் அடிக்கிறான். இதைக் கண்ட பலராமன் சினந்து கலப்பையை ஏந்துகிறான்.

இவ்விடத்தில் துரியோதனன் மேடைக்கு வருகிறான். நடந்து வரவில்லை, முறிந்த தொடைகளை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வருகிறான். வந்தவன் பலராமனிடம் வேண்டுவது பழிவாங்கலை அன்று. 'பகையும் முடிந்தது, போரும் முடிந்தது, நானும் முடிந்தேன்; குருகுலத்தில் இறந்தோர்க்கு நீர்க்கடன் ஆற்றப் பாண்டவராவது உயிரோடு இருக்கட்டும்' என்னும் கருத்துப்படப் பேசி அவனைத் தணிவிக்கிறான்.

பின்னர் விழியற்ற திருதராட்டிரனும், விழியை மூடிக்கொண்ட காந்தாரியும் மகனைத் தேடிக் களத்தில் தடுமாறி வருகின்றனர். உடன் அவன் தேவியர் மாளவியும் பௌரவியும், சிறுவன் துர்ச்சயன். நாமறிந்த பாரதக் கதையில் துரியோதனன் மகன் இலக்கண குமாரன். துர்ச்சயனோ நாடக ஆசிரியன் படைப்பு. அச்சிறுவன் ஓடிவந்து வழக்கம்போல் தந்தையின் மடியில் அமர முயல்கிறான். தந்தை தடுக்கிறான். குழந்தைக்குக் காரணம் விளங்கவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அத்தொடை எத்தொடை? சூதாடிய அவையில் பாஞ்சாலியை அமருமாறு இகழ்ந்து காட்டிய அதே தொடையன்றோ? அதன்பொருட்டன்றோ வீமன் அதை முறிப்பதாகச் சூளுரைத்தான்? பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டதும் 1912ஆம் ஆண்டே. சபதம் தமிழில் அச்சேறிய ஆண்டிலேயே அச்சபதம் நிறைவேறிய கதையும் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. பாரதியாரின் காவியத்தில் நம் நெஞ்சம் முழுவதும் பாஞ்சாலியின் பக்கம் நிற்கும், நிற்க வேண்டும். பாசனும் துரியோதனன் குற்றமற்றவன் என்று கூறவில்லை. பிறன்மனையை அமரச்சொன்ன தொடையில் இன்று தன் மகனும் அமர இயலவில்லை என்பதை மட்டும் காட்டுகிறான். தண்டனை வீமன் கதையால் நிகழ்ந்தது. துன்பம் குழந்தையின் கேள்வியால் நிகழ்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை ஒன்றாக்கி, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நெறிதவறிய அடியால் வேந்தன் தரையில் தவழ்வது இளிவு. தம்பியரையும் நண்பனையும் இழந்தது இழவு. முன்பிருந்த உயர்நிலை கெட்டு வருந்துவது அசைவு. பெருநிலம் ஆண்டவன் தன் மகனுக்கு ஒரு மடியும் அளிக்க இயலாதிருப்பது வறுமை. இந்நான்கும் ஒரே காட்சியில் ஒருங்கு திரண்டு நிற்பதைப் பிற நாடகங்களில் காண்பது அரிது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பும் என்றார். வடமொழி நாடக நூலாரோ மேடையில் சாவைக் காட்டலாகாது என்றனர். பாசன் போரை மறைத்து அவ்விதிக்கு அடங்கினான். சாவைக் காட்டி அதனை மீறினான். எதைக் காண வேண்டும், எதைக் கேட்டால் போதும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

இரண்டு ஆவணங்கள்

இறக்கும் தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் சொல் வியப்புக்குரியது. 'எனக்குப் பணிவிடை செய்தது போலப் பாண்டவர்க்கும் செய். குந்தியின் சொல்லைக் கேள். அபிமன்யுவின் தாயையும் திரௌபதியையும் உன் தாயாகக் கருது' என்பது அதன் சாரம். எவரை ஒழிக்கப் பதினெட்டு நாள் போர் நடத்தினானோ, அவர் இல்லத்திற்கே மகனை அனுப்புகிறான்.

நாடகம் இவ்விடத்தில் முடிந்திருந்தால் அதனை அறவுரை என்று கூறி அமைதி கொள்ளலாம். பாசன் நம்மை அவ்வாறு விடுவதில்லை. அசுவத்தாமன் சினத்தீயாக வருகிறான். இரவோடு இரவாகப் பாண்டவரை அழிப்பேன் என்கிறான். துரியோதனன் தடுத்தும் கேளான். சடங்கோ நீராட்டோ இன்றி, தன் வாய்ச்சொல்லாலேயே துர்ச்சயனுக்கு முடிசூட்டுகிறான். அதைக் கேட்டுத் துரியோதனன் உள்ளம் நிறைவதாகவே நாடகம் காட்டுகிறது! பகையை விடச் சொன்ன அதே தந்தை, மகன் தலையில் முடி ஏறியதும் மகிழ்கிறான். மனித உள்ளம் அத்தகையது. ஒரே மாலையில் அக்குழந்தையின் கையில் இரண்டு ஆவணங்கள் வழங்கப்படுகின்றன. ஒன்று 'அவர்களோடு வாழ்' என்கிறது. மற்றொன்று 'அவர்களை வெல்' என்கிறது. துர்ச்சயன் எதனைப் படித்தான் என்பதைப் பாசன் கூறவில்லை. அசுவத்தாமன் இருளை நோக்கிச் செல்ல, திருதராட்டிரன் கானகத்தை நோக்கிச் செல்ல, திரை விழுகிறது.

கன்னட மண்ணில் துரியோதனன்

கன்னடத்தின் மாபெரும் கவிஞருள் ஒருவரான ரன்னன் பத்தாம் நூற்றாண்டினர்; முதோளைச் சேர்ந்த வளையல் வணிகக் குடியில் 949இல் தோன்றிய சமணர். அதே ஆண்டில் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் துஞ்சினான். அவனை வீழ்த்திய கங்கன் பூதுகனின் வெற்றியைக் கூறும் கல் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாய்க்கு எடுத்த நினைவுக்கல் அது! நம்மவர் தோல்வியை அக்கல்லில் படிக்கையில் தமிழ்நெஞ்சம் சற்றே கலங்கத்தான் செய்யும்.

ரன்னனின் புரவலன் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன். நம் இராசராச சோழனோடு பொருதவன். 1007ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கல்வெட்டு சோழர் படை கன்னட நாட்டில் விளைத்த அழிவைக் கூறுகிறது. ஒருவர் வெற்றிக்கல் மற்றவர்க்கு இழவுக்கல். இரு நாடும் இரண்டையும் நட்டுள்ளன.

சத்தியாசிரயனை வீமனோடு ஒப்பிட்டுப் புகழவே ரன்னன் 'சாகச வீம விசயம்' என்னும் கதாயுத்தத்தைப் பாடினான். ஆயினும் நூலைப் படிப்போர் உள்ளத்தில் நிலைப்பவன் துரியோதனனே. அவன் களத்தினூடே நடந்து, துரோணரையும் கர்ணனையும் தம்பியையும் மகனையும் பிணங்களாகக் கண்டு புலம்புகிறான். பகைவன் மகனான அபிமன்யுவின் சடலத்தின் முன்னும் நின்று அவன் வீரத்தை வணங்குகிறான். புரவலனுக்காகத் தொடங்கிய பாட்டு தோற்றவனுக்கான பாட்டாக முடிந்தது.

இதனைக் கண்டுணர்ந்தவர் மைசூர் மகாராசா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய பி. எம். ஸ்ரீகண்டையா. ரன்னனின் காவியத்திற்குள் கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்று மறைந்திருப்பதை உணர்ந்து, அவனுடைய செய்யுள்களையே தொகுத்து 1926இல் 'கதாயுத்த நாடகம்' ஆக்கினார். 1929இல் சோபோக்கிளீசின் 'அயாக்சு' நாடகத்தைப் பாரதக் கதையில் பொருத்தி 'அசுவத்தாமன்' எழுதினார். 1935இல் எஸ்கைலசின் 'பாரசீகர்' நாடகத்தைக் கன்னடமாக்கினார். மூன்றிலும் மேடையில் அழுபவர் தோற்றவரே. எஸ்கைலசு பாரசீகரை எதிர்த்து மாரத்தான் போரில் நின்றவர், கி.மு. 480இல் சலாமிசு வெற்றி கிட்டியது, கி.மு. 472இல், வென்ற ஏதென்சு மக்கள் முன்னிலையில், தோற்ற பாரசீக அரண்மனையின் அழுகுரலை அவர் எழுப்பினார். பகைவன் வீட்டு ஒப்பாரியைக் கேட்கும் செவி நாகரிகத்தின் அடையாளம் என்பதைக் கிரேக்கனும் ரன்னனும் பாசனும் ஒருசேர அறிந்திருந்தனர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களும் இதனை அறிவர். வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாவில் பதினெட்டாம் போர் நிகழும் காலையில், படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பேருருவாகச் செய்து கிடத்துவர். வீமன் தொடையைப் பிளப்பான். அம்மன் கூந்தல் முடிப்பாள். அம்மனின் வெற்றிக்கே எடுத்த விழா அது. எனினும் துரியோதனன் தேவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கும்போது கூடியிருக்கும் பெண்டிர் கண்கலங்குவர். இலக்கணம் பயிலாத அவர்கள் அழுகையின் நிலைக்களன்களை நன்கு உணர்ந்தவர்கள்.

இக்காலத்தார்க்கு

இக்காலத்திலும் ஊருபங்கம் மேடையேறி வருகிறது. 1981இல் மணிப்பூரின் ரத்தன் தியாம் இதனைத் தம் நாட்டுக் கலைமரபில் அரங்கேற்றினார். கேரளத்தில் காவாலம் நாராயண பணிக்கர் தம் சோபானம் குழுவைக்கொண்டு நடத்தினார். போரும் பூசலும் ஓயாத நூற்றாண்டில் அவர்கள் இதனைத் தேர்ந்தது தற்செயலன்று.

எனக்கு இந்நாடகம் நெருங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிக் கன்னட நாட்டில் தமிழர்க்கு எதிராகக் கலவரம் மூண்டபோது நான் ஐந்தாம் வகுப்புச் சிறுவன். என் தந்தையார் ஆலைத் தொழிலாளி. இரண்டு இரவுகள் நாங்கள் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜியின் சமையலறையில் ஒடுங்கியிருந்தோம். எங்கள் வீட்டு வாயிலில் கல் விழும் ஓசையை அங்கிருந்தே கேட்டோம். சில நாள் கழித்து, செய்தி கேட்டு ஈரோட்டிலிருந்து வந்த என் மாமா, "இதை மறந்துவிடாதே, பெரியவனானதும் நினைவில் வைத்துக்கொள்" என்று என் தோளைப் பற்றிக் கூறினார். அவர் அன்பால் கூறியதே அது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பள்ளி திறந்த காலையில் மட்டும், "அந்தப் பிள்ளைகளோடுதான் போக வேண்டும், அவர்களோடுதான் விளையாட வேண்டும், அஜ்ஜிக்குக் கடையிலிருந்து என்ன வேண்டுமென்று கேட்டு வாங்கிக் கொடு" என்றார்.

பல்லாண்டுகள் கழித்து ஊருபங்கத்தின் தமிழாக்கம் ஒன்றைப் படிக்கையில், துர்ச்சயனிடம் தந்தை பேசும் இடத்தில் நான் நூலை மூடிவிட்டேன். என் கையிலும் அன்று இரண்டு ஆவணங்கள் இருந்தன. மாமா கொடுத்ததை நான் முற்றிலும் கிழித்தெறிந்தேன் என்று கூறினால் அது பொய்யாகும். 2016இல் மீண்டும் பூசல் எழுந்தபோது, அது பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமல் இருப்பதை உணர்ந்தேன். ஆயினும் அன்றாடம் எடுத்துப் படித்தது தந்தையார் கொடுத்ததையே.

முடிவாக, வேந்தரும் வேள்வியும் விமானமும் பாசனின் காலத்தோடு போயின. செஞ்சோற்றுக் கடன் ஆற்றிய வீரர் ஏரிக்கரையில் கல்லாக நிற்கின்றனர். போகாதது ஒன்றே: ஒவ்வொரு பூசலுக்குப் பின்னும் ஒரு குழந்தை வந்து பெரியவர் முகத்தை நோக்கி நிற்கிறது. அதற்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்? கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்நகரத்தில், சங்கம் கண்டு தமிழ் வளர்க்கும் நாம் இவ்வினாவை நம் இல்லங்களில் எழுப்பிப் பார்த்தல் நன்று. ரன்னனைத் தமிழரும் இளங்கோவைக் கன்னடரும் பயில்வது அதற்கொரு நல்ல தொடக்கமாகும். பிறன் இழவைக் கேட்கக் கற்ற செவிக்குப் பகைமுழக்கம் எளிதில் ஏறாது.